கால்பந்துப் பயிற்சியாளரும் கலைச்சொல்லும்: பெயராக்கத்தின் எல்லையும் ஏவல்வினையின் தேவையும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழில் வழங்கும் கால்பந்துக் கலைச்சொற்கள் பெரும்பாலும் ஆட்ட விதிகளையும் செய்தி அறிக்கைகளையும் தமிழில் தரும் நோக்கில் உருவானவை. அதனால் அவற்றுள் மிகுதியானவை பெயர்ச்சொற்களாகவே அமைந்துள்ளன. புதிதாகப் பயிற்சியளிக்க வரும் ஒருவருக்கு உடனடியாக வேண்டியவை ஆட்டக்காரர்களுக்கு இடையிலான உறவையும் நொடிப்பொழுதில் செய்ய வேண்டிய செயலையும் உணர்த்தும் சொற்களாகும். இவ்விரு தேவைகளையும் வேறுபடுத்தாததே தமிழ்க் கால்பந்துச் சொல்லாக்கத்தின் முதன்மைக் குறை என்பது இக்கட்டுரையின் கருத்து. விளக்கத்திற்குரிய சொல், களத்தில் விளிப்பதற்குரிய சொல் என இருவகைச் சொற்களையும் தனித்தனி அளவுகோல்களால் மதிப்பிட வேண்டும் என இது வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: கலைச்சொல்லாக்கம், கால்பந்து, ஏவல்வினை, விளி, தன்வினை - பிறவினை, கிளித்தட்டு

முன்னுரை

எதிரணி ஆட்டக்காரர் ஒருவர் பந்தைப் பெறாதவாறு அவரை அணுகி நின்று காக்கும் செயலை ஆங்கிலக் கால்பந்து வழக்கு ‘மார்க்கிங்’ என்கிறது. தமிழ்ச் சிறுவர்களுக்குப் பயிற்சியளிக்கும் ஒருவர் இதனை ‘ஆளைப் பிடி’ என்று கூறுவதாகக் கொள்வோம். பேச்சுவழக்கில் அது இயல்பான தொடரே. ஆனால், எதிரணியினரைக் கையால் பிடித்து நிறுத்துவது ஆட்ட விதி 12-இன்படி நேரடித் தனி உதைக்குரிய குற்றம். தம் அணியின் தண்டனைப் பரப்புக்குள் நிகழ்ந்தால் அது பெனால்டி ஆகும். சொல்லை அப்படியே ஏற்றுச் செயற்படும் சிறுவன் பயிற்சியாளரின் கட்டளைக்குக் கீழ்ப்படிந்ததாலேயே குற்றம் இழைத்தவனாகிறான். சொற்பிழை இங்கு ஒரு கோலாக முடியக்கூடும்.

இந்தியாவில் பயிற்சியாளராக விரும்புவோர் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தொடக்கநிலை உரிமச் சான்றிதழ்களில் தொடங்கிப் படிப்படியாக மேலே செல்கின்றனர். இத்துறையின் நூல்களும் கலைச்சொற்களும் பெரிதும் ஆங்கிலம் சார்ந்தவை. களத்தில் எதிர்நிற்கும் சிறுவர் சிறுமியரின் மொழியோ தமிழ். ஆகவே புதிய பயிற்சியாளர் ஒரே சமயத்தில் இரண்டு பணிகளைச் செய்ய வேண்டியுள்ளது: ஒரு சொற்றொகுதியைத் தாம் கற்றல், அதனை வேறொரு மொழியின் செயலாக மாற்றிக் கற்பித்தல். இவ்விரண்டாம் பணிக்குத் தமிழில் இன்று வழங்கும் சொற்கள் எவ்வளவு துணைபுரிகின்றன என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

1. மூலச்சொல்லின் தெளிவின்மை

கலைச்சொல்லாக்க விவாதங்களில் மூலமொழிச் சொல் தெளிவானது என்பது ஓர் எழுதப்படாத எடுகோளாக இருந்துவருகிறது. கால்பந்தைப் பொறுத்தவரை இவ்வெடுகோள் பொருந்தாது. ‘சென்டர் ஹாஃப்’ என்னும் சொல் இதற்குத் தக்க சான்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைபெற்ற 2-3-5 அமைப்பில் பின்களத்தில் இருவரும் அவர்களுக்கு முன்னே இடைநிலையில் மூவரும் நின்றனர். அம்மூவருள் நடுவில் நின்றவரே சென்டர் ஹாஃப். அவர் நடுக்கள ஆட்டக்காரர். 1925-இல் ஆஃப்சைடு விதி திருத்தப்பட்டது. அதுவரை தாக்கும் ஆட்டக்காரருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூவர் இருக்க வேண்டியிருந்தது. திருத்தத்திற்குப் பின் இருவர் இருந்தால் போதுமென்றாயிற்று. தாக்குதல் எளிதானதால் தற்காப்பை வலுப்படுத்த வேண்டிய கட்டாயம் எழுந்தது. அதே ஆண்டில் ஆர்சனல் அணியின் மேலாளராகப் பொறுப்பேற்ற ஹெர்பர்ட் சாப்மன் காலத்தில், சென்டர் ஹாஃப் பின்களத்தின் நடுவுக்கு இறக்கப்பட்ட அமைப்பு புகழ்பெற்றது. ஆட்டக்காரரின் இடம் மாறியது, பெயர் மாறவில்லை. இன்றும் இங்கிலாந்தில் நடுப்பின்கள ஆட்டக்காரரைச் சென்டர் ஹாஃப் என்றே அழைப்பது வழக்கம். இச்சொல்லை ‘நடு இடைநிலை வீரர்’ எனச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன் அந்த ஆட்டக்காரர் விட்டுச்சென்ற இடத்தில் அவரை நிறுத்துகிறார்.

எண்களும் இத்தகையனவே. பழைய அமைப்பில் சென்டர் ஹாஃபுக்குரிய எண் 5. அவர் பின்னே இறங்கிய இங்கிலாந்தில் 5 என்பது நடுப்பின்கள எண்ணாயிற்று. அர்ஜென்டினாவில் 5 நடுக்களத்திலேயே தங்கிவிட்டது. அங்கு ‘ஐந்து’ என்றால் பின்களத்துக்கு முன்னே நின்று ஆட்டத்தைக் கட்டுப்படுத்துபவர். இதே பொறுப்பைச் சுட்ட இன்றைய பயிற்சி நூல்கள் பலவற்றில் ‘ஆறு’ என்னும் எண் வழங்குகிறது. எண்ணைப் பொருளாகக் கொண்டு மனனம் செய்யும் புதிய பயிற்சியாளர் ஒரு நூலிலிருந்து மற்றொரு நூலுக்குச் செல்லும்போது தடுமாறுவது இயல்பு.

இவ்விரு சான்றுகளிலிருந்தும் பெறப்படுவது ஒன்றே. கால்பந்துச் சொல் ஓர் ஆட்டமுறையின் வரலாற்றைச் சுமந்து நிற்கிறது. பெயர்க்கப்பட வேண்டியது அச்சொல் இன்று சுட்டும் உறவு: யாருக்கு முன், யாருக்குப் பின், எவரைக் காத்து என்பது. சொல்லின் வடிவத்தைப் பெயர்த்தால் அவ்வுறவு விடுபட்டுப்போகும்.

2. வழக்கிலுள்ள சொற்கள்: ஒரு மதிப்பீடு

தமிழ்நாட்டில் ‘கால்பந்து’ எனவும் இலங்கையில் ‘உதைபந்தாட்டம்’ எனவும் வழங்கும் இவ்விளையாட்டின் பொருள்களையும் ஆட்களையும் சுட்டும் சொற்கள் தமிழில் நன்கு நிலைபெற்றுள்ளன. நடுவர், மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை, பின்களம், நடுக்களம், முன்களம் ஆகியவை குழப்பமின்றி வழங்குகின்றன. கோல், பாஸ், கார்னர் போன்ற கடன்சொற்களும் அவ்வாறே. சிக்கல் விதிகளின் நுட்பத்தையும் ஆட்ட உத்தியையும் சுட்டும் சொற்களில் தொடங்குகிறது.

முதலாவது, ‘தண்ட உதை’. பெனால்டியைச் சுட்டும் இச்சொல் இலங்கைத் தமிழ் விளையாட்டு எழுத்தில் பழகியது. தண்டனை என்னும் பொருளில் இது பிழையற்றது. எனினும் நேரடித் தனி உதையும் குற்றத்திற்குத் தண்டனையாகத் தரப்படுவதே. ஆகவே ‘தண்டம்’ என்னும் அடை இரண்டையும் வேறுபடுத்தவில்லை. மேலும், தமிழ்நாட்டுப் பேச்சுவழக்கில் ‘தண்டம்’ என்பதற்கு வீண், பயனற்றது என்னும் பொருள் மேலோங்கியுள்ளது. ஓர் ஆட்டத்தின் முடிவையே தீர்மானிக்கக்கூடிய உதை, அங்குள்ள சிறுவனின் செவியில் வீணான உதையாக ஒலிக்க இடமுண்டு. ஒரு வட்டாரத்தில் பொருந்தும் சொல் மற்றொரு வட்டாரத்தில் பொருந்தாமல் போகும் என்பதைச் சொல்லாக்கம் கணக்கில் கொள்ளவேண்டும்.

இரண்டாவது, ஆஃப்சைடு. இதனைக் குற்றம், தவறு என்னும் சொற்களோடு இணைத்து விளக்குவது எளிது. ஆயின் அது விதியின் அடிப்படை வேறுபாட்டை மறைக்கிறது. விதி 11-இன்படி ஆஃப்சைடு நிலையில் நிற்பது குற்றமன்று. தம் அணியினர் பந்தை ஆடும் கணத்தில் அந்நிலையில் இருந்தவர் பின்னர் ஆட்டத்தில் தலையிட்டாலே அது குற்றமாகும். நிலை வேறு, குற்றம் வேறு. அவ்வாறே ‘கடைசிப் பின்கள வீரரைத் தாண்டி நிற்றல்’ என்னும் விளக்கமும் பொருந்தாது. விதி குறிப்பது கடைசிக்கு முந்தைய எதிரணி ஆட்டக்காரரை. கோல்கீப்பர் முன்னேறிச் சென்றிருக்கும் வேளையில் இவ்வேறுபாடு தெளிவாகப் புலப்படும். கடன்சொல்லை அப்படியே கொண்டு, ‘ஆஃப்சைடு நிலை’, ‘ஆஃப்சைடு குற்றம்’ என இரு தொடர்களை ஆள்வது, புதிய ஒற்றைச் சொல்லைப் படைப்பதைவிடப் பயனுடையது.

மூன்றாவது, ‘கடத்துதல்’. விளையாட்டுச் செய்திகளில் ‘பந்தைக் கடத்தி’ என்னும் தொடர் ஆளப்படுகிறது. பந்தைத் தாமே உருட்டிச் செல்வதையும் தம் அணியினருக்கு அனுப்புவதையும் அது ஒருசேரக் குறிக்கக்கூடும். செய்தி படிப்பவருக்கு இம்மயக்கம் தடையன்று. கோல் விழுந்ததா என்பதே அவருக்கு வேண்டும். பயிற்சியாளருக்கோ, கொண்டு செல்வதா கொடுப்பதா என்பதே முதற்பாடம்.

நான்காவது, ‘ஆழம்’. ஆலன் வேட் 1967-இல் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்திற்காக எழுதிய பயிற்சிக் கையேடு, ஆட்டத்தைச் சில பொதுக் கோட்பாடுகளாக வகுத்து விளக்கியது. ஆங்கிலத்தில் ‘டெப்த்’ எனப்படும் கோட்பாடு, ஆட்டக்காரர்கள் ஒரே கோட்டில் நில்லாமல் ஒருவருக்குப் பின் ஒருவர் துணையாக அமைவதைக் குறிக்கும். இதற்கு அகராதி தரும் ‘ஆழம்’ என்னும் சொல் தமிழில் கிணறு, நீர்நிலை என மேலிருந்து கீழ்நோக்கிய அளவையே முதலில் நினைவூட்டும். சமதளத்தில் முன்பின்னாக அமையும் ஒழுங்கை அது காட்டாது. ‘அடுக்கு’ என்னும் சொல் இவ்வுறவை நேராகக் காட்டுகிறது: ‘ஒரே கோட்டில் நிற்காதே, அடுக்காக நில்’. தமிழில் இயல்பாக வழங்கும் ‘நெடுக்கு’, ‘குறுக்கு’ என்னும் இணையும் களத்தின் இரு திசைகளைக் கூடுதல் விளக்கமின்றி உணர்த்த வல்லது.

ஐந்தாவது, ‘இடைவெளி’. ‘ஸ்பேஸ்’ என்பதற்கு இது பொதுச்சொல்லாக ஆளப்படுகிறது. இருவருக்கு இடையிலுள்ள வெளியை இச்சொல் துல்லியமாகச் சுட்டுகிறது. ஆனால் தற்காப்பு வரிசைக்குப் பின்னே கிடக்கும் பரப்பு இடைவெளியன்று. பின்வெளி, பக்கவெளி, இடைவெளி என ‘வெளி’யை அடியாகக் கொண்டு பகுத்தால், எந்த வெளி, யாரைச் சார்ந்த வெளி என்பது சொல்லிலேயே விளங்கும்.

3. கடன்சொல் தீர்வாகுமா?

இத்தனை சிக்கல்களுக்கும் ஆங்கிலச் சொற்களையே ஆளுதல் போதுமே என்னும் எதிர்வாதம் வலுவானது. அதனைத் தனித்தமிழ் உணர்வின் பெயரால் மட்டும் ஒதுக்க இயலாது. கோல், பாஸ், பெனால்டி ஆகியவை இன்று தமிழ்ச் சிறுவரின் சொற்களே. அவற்றை நீக்குவதால் கற்றலுக்கு நன்மை ஏதுமில்லை.

ஆயினும் கடன்சொற்கள் அனைத்தும் ஒரே வகையில் செயற்படுவதில்லை. பொருளையோ நிகழ்வையோ சுட்டும் கடன்சொல், வேறு பொருள் கலவாமல் வந்து சேர்கிறது. உறவைச் சுட்டும் கடன்சொல்லோ, தமிழில் ஏற்கெனவே பெற்றுள்ள வேறு பொருளுடன் மோதுகிறது. ‘மார்க்’ என்பது பள்ளிச் சிறுவனுக்குத் தேர்வு மதிப்பெண். ‘கவர்’ என்பது அஞ்சல் உறை அல்லது பை. ‘கவர் கொடு’ என்பதிலிருந்து, பந்தை எதிர்கொள்ளும் தோழனுக்குச் சற்றுப் பின்னே சாய்வாக நின்று, அவன் தோற்றால் அடுத்ததாகத் தடுக்க ஆயத்தமாக இருத்தல் என்னும் பொருளைச் சிறுவன் தானே பெற இயலாது. கடன்சொல் மிகுதியும் தோற்கும் இடம், பெயராக்கம் தோற்கும் அதே இடமாக இருப்பது கவனத்திற்குரியது. சிக்கலின் வேர் சொல்லின் மொழியில் இல்லை. உறவை விளக்காமல் பெயரை மட்டும் தருவதில் உள்ளது.

பிறமொழிகளின் போக்கும் இதை உணர்த்துகிறது. இத்தாலியர் தம் தற்காப்பு முறைக்குக் ‘கத்தனாச்சோ’ எனப் பெயரிட்டனர். அது கதவின் தாழ்ப்பாளைக் குறிக்கும் சொல். அன்றாட வாழ்வின் பொருளொன்று, அடைத்தல் என்னும் செயலை உடனே மனத்தில் நிறுத்துகிறது.

4. விளக்கும் சொல்லும் விளிக்கும் சொல்லும்

பயிற்சியாளரின் சொல் இரு சூழல்களில் ஆளப்படுகிறது. ஆட்டத்திற்கு முன்னும் பின்னும் அமர்ந்து விளக்கும்போது அது நீளலாம், வரையறை பெறலாம். ஆட்டத்தின் நடுவே, ஐம்பது அடிக்கு அப்பால் ஓடிக்கொண்டிருக்கும் ஒருவனின் செவிக்கு எட்ட வேண்டியபோது அது ஓரிரு அசைகளில் முடிய வேண்டும். முன்னதை விளக்கச்சொல் எனவும் பின்னதை விளிச்சொல் எனவும் இங்குப் பெயரிடலாம்.

தமிழிலக்கண மரபு இவ்வேறுபாட்டிற்கு அந்நியமானதன்று. தொல்காப்பியத்தின் விளிமரபு, அண்மையில் இருப்பவரை விளிக்கும் வடிவத்தையும் சேய்மையில் இருப்பவரை விளிக்கும் வடிவத்தையும் வேறுபடுத்துகிறது. தொலைவு சொல்லின் ஒலியை மாற்றும் என்பதை இலக்கணமாகவே பதிவுசெய்கிறது. நன்னூலின் பதவியல், வினைப்பகுதிகளை ஏவல் வடிவில் 23 ஈறுகளின்வழி வகைப்படுத்திக் காட்டுகிறது. தமிழில் ஏவல் ஒருமைக்குத் தனி விகுதி தேவையில்லை; வினையின் பகுதியே கட்டளையாக நிற்கும். வா, நில், ஓடு, கொடு, விடு, திரும்பு என்பன எவ்வித மாற்றமுமின்றிக் களத்திற்கு உரியவை. விளிச்சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கண அமைப்பு அரிது. இவ்வளம் இருக்க, தமிழ்க் கால்பந்துச் சொல்லாக்கம் பெயர்த்தொகைகளையே நாடியுள்ளமை வியப்புக்குரியது.

தமிழின் தன்வினை - பிறவினை இணைகளும் பயிற்சிக்குப் பெரிதும் உதவக்கூடியவை. பந்தை வைத்திருப்பவரை அணுகி அவருக்கு நேரமும் இடமும் கிடைக்காமல் செய்வதை ஆங்கிலம் ‘பிரெஸ்ஸிங்’ என ஒரே சொல்லால் சுட்டுகிறது. தமிழில் ‘நெருங்கு’ என்பது தான் அணுகுதல். ‘நெருக்கு’ என்பது பிறருக்கு நெருக்கடி தருதல். முதலில் விரைந்து நெருங்க வேண்டும். எட்டும் தொலைவில் வேகத்தைக் குறைத்துப் பின் நெருக்க வேண்டும். ஆங்கிலப் பயிற்சி நூல் பல தொடர்களில் விளக்கும் இவ்வரிசையைத் தமிழ் வினையின் உருபே தன்னுள் கொண்டுள்ளது.

எனினும் இங்கேயே ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. நெருங்கு, நெருக்கு என்னும் இரண்டும் ஓர் ஒலிக்கூறால் மட்டுமே வேறுபடுகின்றன. காற்றும் கூச்சலும் நிறைந்த திடலில் அவ்வேறுபாடு செவிக்கு எட்டாது. எனவே இவ்விணை சிறந்த விளக்கச்சொல்; இரண்டையும் ஒருங்கே விளிச்சொல்லாக ஆள இயலாது. களத்தில் ‘போ’, ‘நெருக்கு’ என ஒலியால் விலகிய இரு சொற்களைத் தெரிவதே தக்கது. ஒரே சொல் ஓர் அளவுகோலில் வென்று மற்றோர் அளவுகோலில் தோற்கும் என்பதற்கு இது தெளிவான சான்று.

தொடக்கத்தில் கண்ட ‘பிடி’ என்பதையும் இவ்வளவுகோல்களால் மதிப்பிடலாம். அது விளிச்சொல்லாகச் சிறந்தது. ஈரசையில் முடிவது, உரக்க ஒலிப்பது. விளக்கச்சொல்லாக அது தீங்கானது. மாறாக ‘ஆளைப் பார்’ என்னும் தொடரில், கண்ணால் நோக்குதலும் பொறுப்பேற்றுக் காத்தலும் ஆகிய இரு பொருள்களும் தமிழியல்பாகவே இணைந்துள்ளன. கைபடாது அருகில் நிற்க வேண்டிய தருணத்தில் ‘ஒட்டி நில்’ என்பது பொருந்தும்.

5. முன்னறிவாகக் கிளித்தட்டு

புதிய கருத்தைக் கற்போரின் முன்னறிவோடு இணைப்பது கற்பித்தலின் பொதுநெறி. தமிழ்ச் சூழலில் அதற்குரிய விளையாட்டு கிளித்தட்டு. ஈழத்தில் தாச்சி மறித்தல் எனவும் வழங்கும் இவ்விளையாட்டில், தடுக்கும் அணியினர் குறுக்குக் கோடுகளில் தத்தமக்குரிய கோட்டில் நின்று, கடந்து செல்ல முயல்வோரை மறிக்கின்றனர். குறிப்பிட்ட ஒருவரைத் துரத்துவது அவர்களின் வேலையன்று. தம் கோட்டைக் காப்பதே அவர்களின் பொறுப்பு.

கால்பந்தில் ‘ஆள்காவல்’, ‘இடக்காவல்’ என வேறுபடுத்த வேண்டிய இரு தற்காப்பு முறைகளுள் பின்னதன் அடிப்படை இதுவே. எதிரணியினர் ஒருவர் நகர்ந்தவுடன் அவர் பின்னே ஓடாமல், தம் பரப்பிற்குள் வருபவரைப் பொறுப்பேற்பது இடக்காவல். கிளித்தட்டு ஆடியவர் ‘உன் கோட்டை மறி’ என்பதன் பொருளை உடனே உணர்வார். ஒப்புமைக்கு எல்லையும் உண்டு: கிளித்தட்டின் கோடு தரையில் வரையப்பட்டு நிலையாக இருப்பது, கால்பந்தின் தற்காப்புக் கோடு பந்தின் இருப்புக்கேற்ப ஆட்டக்காரர்களாலேயே நகர்த்தப்படுவது. இவ்வேறுபாட்டைச் சுட்டிக்காட்டுவதே அடுத்த பாடமாக அமையும். இக்காலச் சிறுவர்கள் எல்லோரும் கிளித்தட்டு ஆடியிருப்பர் எனக் கொள்ள முடியாது. ஆடாதவர்க்கு அதனைப் பயிற்சியின் தொடக்க விளையாட்டாக ஆடச் செய்யலாம்.

6. சொற்பதிவின் அமைப்பு

தாமஸ் ஷ்மிட் உருவாக்கிய ‘கிக்ஷனரி’ என்னும் பன்மொழிக் கால்பந்து அகராதி, ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு ஆகிய மொழிகளின் சொற்களைச் சார்ல்ஸ் ஃபில்மோரின் சட்டகப் பொருண்மையியல் அடிப்படையில் ஒழுங்குபடுத்துகிறது. அகரவரிசையில் தனிச்சொற்களை அடுக்குவதற்கு மாறாக, பந்து கொடுத்தல், கோலை நோக்கி உதைத்தல் போன்ற நிகழ்வுக் காட்சிகளை வகுத்து, அவற்றில் பங்கேற்போரையும் அவர்களைச் சுட்டும் சொற்களையும் அது இணைக்கிறது. தமிழுக்கும் இவ்வணுகுமுறை ஏற்றது. ஆனால் அவ்வகராதி ஆட்டத்தைப் பற்றிப் பேசும் மொழியை விளக்குகிறது. ஆட்டத்திற்குள் பேசப்படும் மொழிக்கு மேலும் ஒரு கூறு தேவை.

எனவே பயிற்சியாளருக்கான தமிழ்ச் சொற்பதிவில் நான்கு கூறுகள் இடம்பெறலாம்: செயல் நிகழும் சூழல், யாருக்கும் யாருக்கும் இடையிலான உறவு, விளக்கச்சொல், விளிச்சொல். சான்றாக, எதிரணியின் விரைந்த தாக்குதலை உடனே பறிக்க முயலாமல் மெதுவாக்கும் தற்காப்புச் செயலை எடுத்துக்கொள்ளலாம். சூழல்: தற்காப்போர் எண்ணிக்கையில் குறைந்திருத்தல். உறவு: பந்துக்கும் கோலுக்கும் இடையே நின்று, தோழர்கள் திரும்பி வரும்வரை பின்வாங்கியவாறே தடுத்தல். விளக்கச்சொல்: தேக்குதல். விளிச்சொல்: ‘தேக்கு’ அல்லது ‘பாயாதே’. நீரோட்டத்தைத் தடுத்து நிறுத்தும் வினையாகிய ‘தேக்கு’, ‘தாமதப்படுத்து’ என்பதைவிடச் சுருக்கமானது. ‘காலம் கடத்து’ என்பது ஆட்டநேரத்தை வீணடித்தல் என்னும் வேறு பொருள் தருவதால் இங்குப் பொருந்தாது. இவை முன்மொழிவுகளே. திடலில் ஆட்டக்காரர் கேட்டவுடன் சரியாகச் செயற்படுகின்றனரா என்பதே இவற்றின் இறுதித் தேர்வு.

முடிவுரை

கால்பந்துச் சொற்களைக் கற்கும் புதிய பயிற்சியாளரின் இடர்ப்பாடு, சொற்களின் எண்ணிக்கையால் விளைவதன்று. மூலச்சொற்கள் ஆட்ட வரலாற்றின் எச்சங்களைச் சுமந்துள்ளன. தமிழாக்கங்கள் உறவைச் சுட்டாமல் பெயரைச் சுட்டுகின்றன. கடன்சொற்கள் பொருளைத் தாங்குமிடத்தில் நிலைத்து, உறவைத் தாங்க வேண்டிய இடத்தில் தடுமாறுகின்றன. விளக்கச்சொல், விளிச்சொல் என்னும் பாகுபாட்டை ஏற்றால், எதற்குக் கடன்சொல் போதும், எதற்குத் தமிழ் வினை வேண்டும் என்பதை உணர்ச்சிக்கு இடமின்றி முடிவுசெய்ய முடியும்.

இதுவரை விளையாட்டுக் கலைச்சொற்கள் எழுதுபவரையும் படிப்பவரையும் முன்னிறுத்தியே மதிப்பிடப்பட்டன. ஆங்கிலம் அறிந்த சிறுவன் பயிற்சியாளரின் கருத்தைச் சொல்லிலிருந்தே பெறுகிறான். அறியாதவன் பிறரைப் பார்த்து ஊகிக்கிறான். ஊகம் தவறும்போது அது அவனது திறமைக்குறைவாகவே கணிக்கப்படுகிறது. திடலில் நிற்கும் அச்சிறுவனைக் கேட்பவனாகக் கொண்டு சொற்களை மதிப்பிடுவது கலைச்சொல்லாய்வு இனிச் செய்ய வேண்டிய பணியாகும்.